ஒரு ரெம்மும் ஒரு பழியும்: நான் எழுதியதற்கு ஒரு திருத்தம்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். ஆனால் வாசிக்காமல் விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, ஒன்றரை மாதத்துக்கு முன் நமது ஊர் வட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட ஒரு மெசேஜைப் பார்த்தவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

அந்த மெசேஜ் இதுதான். கண்டி டவுனில் நம்மவர் ஒருவர் நடத்தும் கொம்பியூட்டர் கடையில் ரெம் வாங்கினேன், போட்ட மறுநாளே கொம்பியூட்டர் பழுது, மாற்றித் தந்ததும் அதே மாதிரி, பழுதான சாமானை விற்கிறார்கள், கவனமாக இருங்கள். கடையின் பெயரை நான் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரைக்கும் அது எத்தனை குரூப்புக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் என்னைக் கண்ட ஒரு மாமி, "நல்ல வேளை மகள் சொன்ன, எங்கட பேரன் அங்கதான் லெப்டொப் குடுக்க இருந்தான்" என்றார். அப்போது எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

நான் எழுதியது பிழை. அது எப்படிப் பிழையானது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இதில் கொம்பியூட்டர் பற்றிய விஷயம் கொஞ்சம் வரும். வீட்டில் பழைய கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் பிரயோசனப்படும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எத்தனையோ ஆசிரியர்களைப் போல நானும் அவசரமாக ஒரு பாவித்த கொம்பியூட்டர் வாங்கினேன். ஏதோ ஒபிஸில் இருந்து கழித்து விற்ற பெட்டி. 4 ஜி.பி. ரெம். ஸூம் வகுப்பு எடுத்தேன், வினாத்தாள் தயாரித்தேன், புள்ளிகள் போட்டேன். பிறகு பாடசாலை திறந்தும் அதுவே என் மேசை. வினாத்தாள், பாடசாலை மட்டக் கணிப்பீடு, தேர்ச்சி அறிக்கை எல்லாம் அதற்குள்தான்.

போகப் போக அது ஆமையானது. எக்செல் திறந்தால் ப்ரவுசர் நிற்கும். ப்ரவுசரில் நாலு பக்கம் திறந்தால் எல்லாமே நிற்கும். ரெம் கூட்டினால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. சென்ற தவணை விடுமுறையில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸில் இறங்கி அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி என்னிடம் கணிதம் படித்த பிள்ளை. பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, கதிரை போட்டு, பிளேன்டீ எடுப்பித்தான். கொம்பியூட்டரின் விபரத்தைக் கேட்டு, அதே வகை 4 ஜி.பி. ரெம் ஒன்றை 3,500 ரூபாவுக்குத் தந்தான். பாவித்ததுதான், ஆனால் சோதித்துப் பார்த்தது, பழுதானால் கொண்டு வாருங்கள் என்று தெளிவாகச் சொல்லியே தந்தான். வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் நானே அழுத்திப் போட்டேன். க்ளிக் என்று உட்கார்ந்தது. 8 ஜி.பி. காட்டியது. அன்று முழுக்க கொம்பியூட்டர் பறந்தது.

மறுநாள் லுஹருக்குப் பிறகு வினாத்தாள் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது திரை முழுக்க நீலமானது. சோகமான ஒரு முகக் குறி. கீழே ஏதோ ஒரு காரணம். தானாக அணைந்து திரும்ப வந்தது. பின்னேரம் இன்னொரு தடவை. இரவு இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் எழுதி வந்தது. ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட் என்றது, இன்னொரு தடவை பேஜ் ஃபோல்ட் என்றது, பிறகு வாயில் நுழையாத இன்னொன்று. இப்படிக் காரணம் மாறி மாறி வருவதே ரெம்மைச் சந்தேகிக்கச் சொல்லும் அடையாளம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரே மென்பொருளோ ஒரே டிரைவரோ பழுதென்றால் பெரும்பாலும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும்.

நான் செய்தது சுருக்கமானது. புதிய ரெம்மைக் கழற்றினேன். கொம்பியூட்டர் மூன்று நாள் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. திரும்பப் போட்டேன். ஒரு மணித்தியாலத்தில் நீலத்திரை. முடிந்தது கதை. போட்டால் விழுகிறது, எடுத்தால் நிற்கிறது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கடைக்குப் போனேன். தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வேறொன்றைத் தந்தான். தரும்போது ஒன்று சொன்னான்: "டீச்சர், வீட்ட போய் பழையதக் கழட்டிட்டு இத மட்டும் தனியாப் போட்டு ஒரு நாள் பாருங்க."

நான் அதைச் செய்யவில்லை. ஐந்து வருடமாக எனக்கு உழைத்த ரெம்மை ஏன் கழற்ற வேண்டும்? தன் சாமானின் பிழையை என் சாமானின் தலையில் போடப் பார்க்கிறான் என்று நினைத்தேன். இரண்டாவதையும் பழையதோடு சேர்த்தே போட்டேன். அன்றிரவே நீலத்திரை. அடுத்த நாள் போய்க் காசைத் திருப்பிக் கேட்டேன். எண்ணித் தந்தான். பஸ்ஸில் வரும்போதே அந்த வட்ஸ்அப் மெசேஜை எழுதிவிட்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசல். எழுதுவதற்கு நிறைய நேரம் கிடைத்தது. யோசிப்பதற்கும் அதே நேரம் இருந்தது, நான் யோசிக்கவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் பழைய ரெம்மோடு மட்டும் கொம்பியூட்டர் ஓடியது. மெதுவாக ஓடியது, ஆனால் ஓடியது. தேர்ச்சி அறிக்கைகளைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, பத்தாம் தரத்தின் புள்ளிகள் இருந்த எக்செல் கோப்பு திறக்கவில்லை. பழுதடைந்த கோப்பு என்றது. பென் டிரைவில் இருந்த பிரதியைத் திறந்தேன். அதுவும் அப்படியே, ஏனென்றால் முதல் நாள் நான் பழுதான கோப்பையே அதன் மேல் கொப்பி பண்ணியிருக்கிறேன். நாற்பது பிள்ளைகளின் புள்ளிகள். என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீலத்திரை வந்தது.

அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது. நான் குற்றவாளி என்று ஊரெல்லாம் சொன்ன ரெம் இந்த வீட்டிலேயே இல்லை. அது கண்டியில் ஏதோ ஒரு லாச்சிக்குள் இருக்கிறது. அப்படியென்றால் இப்போது இதைச் செய்வது யார்?

அல்ஹம்துலில்லாஹ், புள்ளிகள் கடுதாசியில் இருந்தன. நான் பழைய பழக்கத்தில் விடைத்தாள் திருத்தும்போது ஒரு சீயார் கொப்பியில் பேனையால் எழுதி வைப்பேன். அன்றிரவு சுபஹ் வரைக்கும் கணவரும் மூத்த மகளும் சேர்ந்து அதிலிருந்து கையாலேயே அறிக்கைகளை எழுதி முடித்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்தாவின் மகன் வந்தான். பேராதனையில் பொறியியல் படிப்பவன். ஒரு பென் டிரைவில் மெம்டெஸ்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இந்த வகைச் சோதனை புதியதொன்றும் இல்லை. மெம்டெஸ்ட் 86 என்பதை கிறிஸ் பிராடி என்பவர் 1994இல் எழுதினார். அதிலிருந்து பிறந்த மெம்டெஸ்ட் 86 பிளஸ் இன்றைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸைத் திறக்காமல் பென் டிரைவில் இருந்தே அது ஓடும். ரெம்மின் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை எழுதி, பிறகு எழுதியது அப்படியே இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்கும். வேறு வேறு கோலங்களில் இதையே திரும்பத் திரும்பச் செய்யும். பிழை இருந்தால் சிவப்பில் காட்டும்.

முதல் சுற்று பாதிகூட முடியவில்லை. சிவப்பு வரிகள் இறங்கத் தொடங்கின. என்னுடைய பழைய, விசுவாசமான, ஐந்து வருட ரெம்.

மருமகன் அதோடு நிற்கவில்லை. "சாச்சி, இடம் பிழையாகவும் இரிக்கலாம்" என்று அதே ரெம்மை இரண்டாவது இடத்துக்கு மாற்றிப் போட்டான். அங்கேயும் கிட்டத்தட்ட அதே முகவரிகளில் பிழை. பிழை இடத்தோடு நிற்காமல் ரெம்மோடு சேர்ந்து நகர்ந்தது. "இன்னும் ஒன்டு பாக்கணும். நல்ல ரெம் ஒன்ட இதே போர்டில போட்டுப் பாத்தாத்தான் முடிவா சொல்லலாம். ஒன்டு எடுக்க ஏலுமா?"

நல்ல ரெம்முக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த கடை ஒன்றுதான்.

அடுத்த நாள் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு மருமகனோடு அந்தக் கடைக்குப் போனேன். சனிக்கிழமை காலை, டவுனில் எல்லாக் கடையிலும் சனம். அந்தக் கடையில் இரண்டு பேர்கூட இல்லை. தம்பி எழுந்து நின்றான். கதிரை போட்டான். எனக்கு உட்கார மனம் வரவில்லை.

மருமகன்தான் விஷயத்தைச் சொன்னான். தம்பி லாச்சியைத் திறந்து இரண்டு ரெம்களை எடுத்தான். நான் திருப்பிக் கொடுத்த அதே இரண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, 'டீச்சர்' என்று எழுதி, திகதியும் போட்டிருந்தான். என் கண் முன்னால் ஒவ்வொன்றாக என் பெட்டியில் போட்டு அதே சோதனையை ஓட்டினான். முதலாவது, பிழை பூச்சியம். இரண்டாவது, பிழை பூச்சியம். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டான். பூச்சியம். அஸர் வரைக்கும் அந்தக் கடையில் இருந்தேன். அந்த இரண்டையும் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்த கொம்பியூட்டர் இன்றைக்கு மூன்றாவது வாரமாக ஒரு தடவைகூட நீலமாகவில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. பழையதுதான் பழுதென்றால், புதியதைப் போடும்போது மட்டும் ஏன் விழுந்தது? கழற்றினால் ஏன் மூன்று நாள் நன்றாக ஓடியது?

தம்பியும் மருமகனும் சொன்னதை எனக்கு விளங்கிய முறையில் வகுப்பறை உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு வகுப்பில் ஒரு கால் உடைந்த கதிரை ஒன்று கடைசி மூலையில் கிடக்கிறது. அந்த மூலையில் பெரும்பாலும் ஒருவரும் உட்காருவதில்லை, உட்கார்ந்தாலும் ஒரு ஓரமாக உட்கார்ந்து சமாளிக்கிறார்கள். ஒரு நாள் இன்னொரு வகுப்பையும் இதோடு சேர்த்து, ஒரு கதிரை இங்கே, ஒரு கதிரை அங்கே என்று மாற்றி மாற்றி இடம் கொடுக்கிறோம். வரிசை முழுக்க மாறுகிறது. இப்போது அந்த உடைந்த கதிரையில் வந்து உட்காருபவர் வகுப்புத் தலைவர். அவர் விழுந்தால் வகுப்பே நிற்கும்.

ஒரே அளவான இரண்டு ரெம்களை உரிய இடங்களில் போட்டால், வேகத்துக்காகக் கொம்பியூட்டர் தகவலை இரண்டிலும் மாற்றி மாற்றிப் பிரித்து வைக்கிறது. அதனால் பழைய ரெம்மின் பழுதான இடம் முன்பிருந்த முகவரியில் இல்லாமல் வேறு முகவரிக்கு வந்துவிடுகிறது. அங்கே விண்டோஸின் முக்கியமான பகுதி ஏதும் வந்து உட்கார்ந்தால் நீலத்திரை. முன்பு அந்த இடத்தில் ஒரு படமோ, ஒரு எக்செல் கோப்பின் துண்டோ வந்து உட்கார்ந்திருக்கும். அப்போது கொம்பியூட்டர் விழாது. கோப்பு மட்டும் சத்தமில்லாமல் பழுதாகும்.

இதைக் கேட்டபோதுதான் பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இரண்டு வருடமாக இடைக்கிடை ஒரு வேர்ட் கோப்பு திறக்காது. பென் டிரைவைக் குறை சொன்னேன். விளையாட்டுப் போட்டிப் படங்களில் சிலது பாதியில் சாம்பல் நிறமாக இருந்தது. போனைக் குறை சொன்னேன். மாதத்தில் ஒரு தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகும். கரண்டைக் குறை சொன்னேன். எல்லாரையும் குறை சொல்லி முடித்து, கடைசியாக ஒரு பிள்ளையையும் குறை சொன்னேன். ஒரு நாளும் குறை சொல்லாதது அந்த ரெம்மை மட்டும்தான்.

ரெம் என்பது என்னதான் என்று கொஞ்சம் தேடி வாசித்தேன். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ரொபர்ட் டெனார்ட் என்பவர் 1960களில் கண்டுபிடித்த முறைதான் இன்றைக்கும். ஒரு பிட்டுக்கு மின்னைப் பிடித்து வைக்கும் மிகச் சிறிய ஒரு கிண்ணம். கிண்ணத்தில் மின் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். கிண்ணம் கசியும். அதனால் சாதாரணமாக 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, அதாவது செக்கனுக்குப் பதினைந்து தடவைக்கு மேல், திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 4 ஜி.பி. ரெம் ஒன்றில் இப்படி 3,400 கோடிக்கு மேற்பட்ட கிண்ணங்கள். அதில் ஒரு சில கிண்ணம் வழமையை விட வேகமாகக் கசியத் தொடங்கினால் போதும்.

இது நமது ஊர்ப் பழைய பெட்டிகளுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் 2009இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கூகுளின் ஆயிரக்கணக்கான கொம்பியூட்டர்களை இரண்டரை வருடம் கவனித்ததில், ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களில் குறைந்தது ஒரு நினைவகப் பிழையாவது வந்திருக்கிறது. ரெம்களாக எடுத்தால் நூற்றுக்கு எட்டுக்கு மேல். பாவனையில் 10 முதல் 18 மாதங்கள் கடந்ததும் பிழைகள் கூடத் தொடங்குவதையும் கண்டார்கள். என் ரெம்மின் உண்மையான வயது எனக்கே தெரியாது. ஆனாலும் அதன் வயதையே அதற்கு நற்சான்றிதழாக வைத்திருந்தேன்.

அந்தப் பெரிய கொம்பியூட்டர்களில் பிழையைத் திருத்தும் வசதியுள்ள ரெம் இருக்கிறது. ஒவ்வொரு 64 பிட்டோடும் மேலதிகமாக 8 பிட் வைத்துக் கணக்குப் பார்த்து, ஒரு பிட் பிழைத்தால் அதுவே திருத்திக்கொள்ளும். நம் வீட்டுக் கொம்பியூட்டர்களில் பெரும்பாலும் அது இல்லை. இங்கே பிழை வந்தால் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு பிட் என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2003 மே 18ஆம் திகதி பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஷார்பீக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. கிடைக்கக்கூடியதை விடக் கூடுதலான எண்ணிக்கை என்பதால்தான் அது பிடிபட்டது. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டதே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் முடிவு செய்தார்கள்.

இதை வாசித்த இரவு எனக்கு ஒரு பிள்ளை ஞாபகம் வந்தது. சென்ற வருடம் இரண்டாம் தவணையில் ஒரு மாணவியின் அறிக்கையில் கணிதத்துக்கு 38 என்று வந்தது. அவள் என்னிடம் வந்து, "டீச்சர், பேப்பரில எனக்கு 78" என்றாள். வேலை மும்முரத்தில் நான், "கொம்பியூட்டர் பொய் சொல்லாது, போய்ப் பேப்பரைத் திரும்பப் பார்" என்று அனுப்பிவிட்டேன். அவள் திரும்ப வரவில்லை. வீட்டில் ஏச்சு வாங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த இரவு பழைய சீயார் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் 78.

நாம் வகுப்பில் துவித எண் படிப்பிக்கிறோமே, அதை வைத்துப் பாருங்கள். கொம்பியூட்டர் 7 என்ற எழுத்தை 55 என்ற எண்ணாக வைத்திருக்கும். துவிதத்தில் 110111. 3 என்ற எழுத்தை 51 ஆக வைத்திருக்கும். துவிதத்தில் 110011. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். ஒரு கிண்ணம் கசிந்தால் 78 படித்த பிள்ளை 38 ஆகிவிடுவாள். அன்று ரெம் அப்படிச் செய்ததோ, என் விரல் தவறியதோ, அதில் என் பொறுப்பு ஒன்றுதான். கொப்பியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. அடுத்த நாளே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் உம்மா, வாப்பா இருவர் முன்னிலையிலும் சொன்னேன். அதிபரிடமும் சொல்லி அறிக்கையைத் திருத்தினோம்.

இனி, ரெம் கூட்ட நினைப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டவை.

ஒன்று. கூட்டுவதற்கு முன்பே பழைய ரெம்மைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட் போடத் தெரியாவிட்டால் விண்டோஸின் ஸ்டார்ட் மெனுவில் மெமரி டயக்னொஸ்டிக் என்று தேடினால் ஒரு சோதனை இருக்கிறது. அது மேலோட்டமானது. அதில் பிழை வந்தால் நம்பலாம். வராவிட்டால் முழுமையாக நம்ப வேண்டாம். மெம்டெஸ்ட்டை இரவில் ஓட விட்டுச் சுபஹுக்கு எழுந்து பார்ப்பது நல்லது.

இரண்டு. வகை பொருந்த வேண்டும். டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது, வற்புறுத்த வேண்டாம். டி.டி.ஆர். 3 இலேயே 1.5 வோல்ட்டில் ஓடுவதும் 1.35 வோல்ட்டில் ஓடுவதும் உண்டு. குறைந்த வோல்ட் மட்டும் ஏற்கும் லெப்டொப்பில் மற்றதைப் போட்டால் வேலை செய்யாது. பழையதில் ஒட்டியிருக்கும் லேபலைப் படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள்.

மூன்று. பெட்டியைத் திறக்க முன் வயரைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு ரெம்மைத் தொடுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் பட வேண்டாம். நமது மலைநாட்டு ஈரத்தில் அந்தப் பற்கள் மங்கும். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தால் சில நீலத்திரைகள் அதோடேயே போய்விடும்.

நான்கு. பிரச்சினை வந்தால் ஒவ்வொரு ரெம்மையும் தனியாக, ஒவ்வொரு இடத்திலும் போட்டுச் சோதியுங்கள். இரண்டு ரெம், இரண்டு இடம், நான்கு சோதனை. பிழை ரெம்மோடு நகர்ந்தால் ரெம் பழுது. எந்த ரெம்மைப் போட்டாலும் ஒரே இடத்தில் பிழை வந்தால் இடமோ போர்டோ பழுது. தனித்தனியே இரண்டும் நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் பிழை வந்தால், வேகமோ வோல்ட்டோ ஒத்துப்போகவில்லை. பயோஸில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். நான் செய்தது இந்த நான்கில் ஒன்றே ஒன்று.

ஐந்து. ரெம்மில் சந்தேகம் வந்த பிறகு முக்கியமான கோப்புகளைத் திறந்து சேமிக்காதீர்கள். அதே கொம்பியூட்டரில் கொப்பி பண்ணவும் வேண்டாம், பழுதும் சேர்ந்தே கொப்பியாகும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நல்ல கொம்பியூட்டர் ஒன்றில் பிரதி எடுங்கள். பழைய பிரதியின் மேல் புதியதை எழுதாமல் திகதி போட்டு வேறாக வையுங்கள்.

ஆறு. ஆசிரியர்களுக்கு மட்டும். சீயார் கொப்பியை விட்டுவிடாதீர்கள்.

இனி, நான் இந்தப் பதிவை எழுதிய காரணம்.

அன்று கடையில் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்ல டீச்சர்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "நீங்கதானே டீச்சர் எங்களுக்குச் சொன்ன, படிமுறை எழுதாம விடைய மட்டும் எழுதினா புள்ளி இல்லண்டு."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் நான் கரும்பலகையில் எழுதியதை அவன் வைத்திருக்கிறான். நான் தொலைத்துவிட்டேன்.

குரூப்பில் ஏன் பதில் போடவில்லை என்று கேட்டேன். "எங்கட டீச்சரோட எப்படி குரூப்பில சண்ட பிடிக்கிற?" என்றான். யாவாரம் எப்படி என்று கேட்கவில்லை. காலியான கடையைப் பார்த்தால் தெரியும்.

ஒரு செய்தி வந்தால் அதை விசாரித்து உறுதிப்படுத்திக்கொள்ளும்படி சூரா அல்ஹுஜுராத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு கைசேதப்படக்கூடாது என்பதற்காக. இதைப் பிள்ளைகளுக்குக் காலைக் கூட்டத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். 2018 மார்ச்சில் திகனயிலும் அக்குறணையிலும் நமது கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்தபோது, போனில் இருந்து போனுக்கு ஓடிய பொய்கள் என்ன செய்யும் என்பதை நாம் கண்ணால் கண்டோம். அரசாங்கம் ஃபேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தி வைக்கும் அளவுக்குப் போனது. அதை இதோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் நாம் மற்றவர்களிடம் எதை எதிர்பார்த்தோமோ, 'ஒரு தடவை விசாரித்துவிட்டு அனுப்பியிருக்கக்கூடாதா' என்று எதற்காக அழுதோமோ, அதை ஒரு ரெம் விஷயத்தில்கூட நான் செய்யவில்லை.

அந்த மெசேஜை நான் அன்றே டிலீட் பண்ணிவிட்டேன். அது போதாது. போன இடமெல்லாம் போய் அதை அழிக்க எனக்கு வழியில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். அந்த மெசேஜை யாருக்காவது நீங்கள் அனுப்பியிருந்தால், இதையும் அதே ஆட்களுக்கு அனுப்புங்கள். கல்யாண வீட்டில் என்னோடு கதைத்த மாமி, உங்கள் பேரனின் லெப்டொப்பை அந்தக் கடைக்கே அனுப்புங்கள்.

கடையின் பெயரை இன்றும் நான் எழுதவில்லை. அன்று பெயர் எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இன்றும் தெரியும்.

தம்பி, நீயும் இதை வாசிப்பாய். ஊரறியச் சொன்ன பழிக்கு ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன். அந்த இரண்டு ரெம்முக்கும் நீ எடுக்க மறுத்த மிச்சக் காசு மேசையில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை வருகிறேன். இன்ஷா அல்லாஹ், அன்று கடையில் எனக்கு உட்காரக் கதிரை இல்லாத அளவுக்குச் சனம் இருக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.